பழைய டர்ன்டேபிள்கள்மீதான பற்று: ஒரு மதிப்பாய்வு

1. கேள்வியும் அதன் எல்லையும்

காம்பாக்ட் டிஸ்க் எனப்படும் குறுந்தட்டு 1982இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது, ஊசியால் வரிப்பள்ளத்தைத் தடவி இசையை மீட்கும் இசைத்தட்டின் காலம் முடிந்துவிட்டதாகவே ஒலித்துறையினர் பலரும் கருதினர். நாற்பது ஆண்டுகள் கழிந்தபோது நிலைமை வேறாக இருந்தது. அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கத்தின் கணக்குப்படி, அந்நாட்டில் இசைத்தட்டுகளின் வருவாய் 1986க்குப் பிறகு முதன்முறையாக 2020இல் குறுந்தட்டுகளின் வருவாயை விஞ்சியது. 2022இல் விற்ற எண்ணிக்கையிலும் இசைத்தட்டே முந்தி, ஏறத்தாழ 3.3 கோடிக் குறுந்தட்டுகளுக்கு எதிராக 4.1 கோடி இசைத்தட்டுகள் விற்றன.

இந்த மறுமலர்ச்சியைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. ஆயினும் அதற்குள் அடங்கியுள்ள இன்னொரு கேள்வி தனியே ஆராயப்பட வேண்டியது. இசைத்தட்டைக் கேட்க விரும்புவோருக்குப் புதிய டர்ன்டேபிள்கள் எல்லா விலையிலும் கிடைக்கின்றன. அவ்வாறிருந்தும், 1950களின் நடுவிலிருந்து 1980 வரையிலான கால் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் செய்யப்பட்ட இயந்திரங்களைத் தேடிப்பிடித்து, பிரித்துத் துடைத்து, எண்ணெயிட்டு, மீண்டும் சுழல வைப்பதில் ஒலி ஆர்வலர்களில் ஒரு பெரும் பகுதியினர் ஈடுபட்டுள்ளனர். இசைத்தட்டின்மீதுள்ள பற்றும் பழைய டர்ன்டேபிளின்மீதுள்ள பற்றும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்றாலும் ஒன்றல்ல. முதலாவதற்குச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டாவதை முழுமையாக விளக்குவதுமில்லை.

பழைய இயந்திரங்களின் மதிப்புக்குப் பொதுவாக மூன்று காரணங்கள் கூறப்படுகின்றன: அவற்றின் ஒலி மேலானது என்பது ஒன்று, அவற்றின் கட்டுமானம் உறுதியானது என்பது மற்றொன்று, கடந்த காலத்தின்மீது மனிதர்க்குள்ள ஏக்கமே காரணம் என்பது மூன்றாவது. இக்கட்டுரை இம்மூன்றையும் வரிசையாக எடைபோட்டு, பழுதுபார்ப்புக்கும் மேம்பாட்டுக்கும் இடம் விட்டு வடிவமைக்கப்பட்டமையே இவ்வியந்திரங்களின் மதிப்புக்கு மிக உறுதியான அடிப்படை என்று வாதிடுகிறது.

2. டர்ன்டேபிள் செய்ய வேண்டிய வேலை

ஒலியைப் பதிந்து மீட்கும் முயற்சி தாமஸ் எடிசன் 1877இல் உருவாக்கிய உருளை ஃபோனோகிராஃபில் தொடங்கினாலும், தட்டையான வட்டில் ஊசி பக்கவாட்டில் அசையும்படி ஒலியைப் பதியும் முறைக்கு எமில் பெர்லினர் 1887இல் பெற்ற காப்புரிமையே அடித்தளமாயிற்று. அரக்குக் கலவையால் ஆன, நிமிடத்துக்கு 78 சுற்றுகள் சுழலும் தட்டுகள் ஏறத்தாழ அரை நூற்றாண்டு வழக்கில் இருந்தன. 1948இல் கொலம்பியா நிறுவனம், வினைலில் நுண்ணிய வரிப்பள்ளத்தை வெட்டி, நிமிடத்துக்கு 33⅓ சுற்றுகளில் ஒரு பக்கத்துக்கு 20 நிமிடங்களுக்கு மேல் இசைக்கும் எல்.பி. என்ற நீள்தட்டை வெளியிட்டது. அடுத்த ஆண்டே ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் 45 சுற்றுகளில் சுழலும் சிறிய தட்டைக் கொண்டுவந்தது. 1950களின் இறுதியில் ஸ்டீரியோ தட்டுகள் வந்தன. பள்ளத்தின் இரு சுவர்களும் செங்குத்துக்கு 45 பாகை சாய்ந்திருக்க, ஒவ்வொரு சுவரும் ஒரு பக்க ஒலியைத் தாங்குவதே அவற்றின் அமைப்பு.

ஊசியின் அசைவை மின்குறியாக மாற்றும் கார்ட்ரிட்ஜ், அதைத் தாங்கித் தட்டின் குறுக்கே நகரும் டோன் ஆர்ம் என்ற கை, தட்டைச் சுமந்து சுழலும் சுழல்தட்டு, அதைச் சுழற்றும் மோட்டார், இவை அனைத்தையும் ஏந்தும் அடிப்பெட்டி ஆகியவை சேர்ந்ததே டர்ன்டேபிள். இதன் கடமைகள் சொல்வதற்கு எளியவை: வேகம் சரியாகவும் மாறாமலும் இருக்க வேண்டும், மோட்டாரின் அதிர்வும் பேரிங்கின் உராய்வும் ஊசியை எட்டக் கூடாது, கையின் அடிப்பகுதிக்கும் சுழல்தட்டின் அச்சுக்கும் இடையிலுள்ள தூரம் சிறிதும் அசையக் கூடாது. ஊசி உணரும் அசைவுகள் மைக்ரான் அளவினவும் அதற்குக் குறைந்தனவும் ஆகையால், செய்வதற்கு இவை கடினமான கடமைகள்.

வேகம் மெதுவாக ஏறி இறங்குவது வாவ் என்றும், விரைவாக நடுங்குவது ஃப்ளட்டர் என்றும், இயந்திர அதிர்வு தாழ்ந்த உறுமலாகக் கேட்பது ரம்பிள் என்றும் இத்துறையில் வழங்கப்படுகின்றன. நொடிக்கு நான்கு முறை அளவில் நிகழும் வேக மாற்றத்தையே மனிதச் செவி மிக நுட்பமாகக் கண்டுகொள்கிறது என்பதால், வாவ், ஃப்ளட்டர் அளவீடுகள் அந்த வீதத்துக்கே அதிக எடை தருகின்றன. நீண்டு ஒலிக்கும் பியானோச் சுரமும் இடையறாத தம்புரா சுருதியும் இக்குறையை உடனே காட்டிக்கொடுப்பவை.

இங்கே அடிக்கடி மறக்கப்படும் ஓர் உண்மை உண்டு. தட்டின் நடுத்துளை 0.2 மில்லிமீட்டர் விலகியிருந்தால், மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தொலைவிலுள்ள பள்ளத்தில் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் 0.2 விழுக்காடு ஏறி இறங்கும். நல்ல நிலையிலுள்ள பழைய டர்ன்டேபிளின் வாவ் பெரும்பாலும் இதைவிட அதிகமாக இருப்பதில்லை. இந்தப் பிழையைத் திருத்தும் பொருட்டே ஜப்பானிய நகமிச்சி நிறுவனம் 1980களின் தொடக்கத்தில், தட்டின் மையத்தைத் தானே கண்டறிந்து நகர்த்தும் டி.எக்ஸ். 1000 என்ற இயந்திரத்தை உருவாக்கியது. இயந்திரத்தின் குறையையும் தட்டின் குறையையும் பிரித்தறியாமல் நடக்கும் விவாதங்கள் பல முடிவுக்கு வராமல் போவதற்கு இது ஒரு காரணம்.

3. மூன்று இயக்க முறைகள்

மோட்டாரின் சுழற்சியைச் சுழல்தட்டுக்குக் கொண்டுசேர்க்கும் வழியைக் கொண்டு பழைய டர்ன்டேபிள்கள் மூன்று வகையாகப் பிரிக்கப்படுகின்றன.

முதல் வகை இட்லர் முறை. விரைந்து சுழலும் மோட்டார்த் தண்டுக்கும் சுழல்தட்டின் உள்விளிம்புக்கும் இடையே ரப்பர் விளிம்பு கொண்ட ஒரு சக்கரம் அழுந்தி நின்று சுழற்சியைக் கடத்துவது இதன் அமைப்பு. இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரில் இயங்கிய கேரார்டு நிறுவனம் 1950களின் நடுவில் வெளியிட்ட 301, அதற்கடுத்து 1965இல் வந்த 401 ஆகியவை இவ்வகையில் புகழ்பெற்றவை. சுவிட்சர்லாந்தில் 1883இல் தொடங்கப்பட்ட தோரன்ஸ் நிறுவனத்தின் டி.டி. 124, 1957இல் வந்தது. மோட்டாரிலிருந்து ஒரு குறுகிய பெல்ட்டும், அதன் பின் ஓர் இட்லர் சக்கரமும் சேர்ந்து இயங்கும் கலப்பு முறையை அது கையாண்டதோடு, வேகத்தைச் சரிபார்க்கும் ஸ்ட்ரோப் விளக்கையும் மட்டம் பார்க்கும் குமிழியையும் தன்னுள்ளேயே கொண்டிருந்தது. அதே நாட்டின் லென்கோ நிறுவனம், கூம்பு வடிவத் தண்டின்மீது செங்குத்தான சக்கரத்தை நகர்த்துவதன் மூலம் வேகத்தை இடைவிடாமல் மாற்றும் எளிய முறையைக் கண்டது. ஜெர்மானிய இ.எம்.டி. 930 வானொலி நிலையங்களுக்காகவே செய்யப்பட்டது. கனத்த கீழ்த்தட்டு சுழன்றுகொண்டே இருக்க, மேலுள்ள இலேசான தட்டைப் பிரேக்கால் நிறுத்தி, வேண்டிய நொடியில் விடுவிக்கும் வசதி அதில் இருந்தது. இட்லர் முறையின் வலிமை அதன் உந்துவிசை; மோட்டாரின் அதிர்வுக்கும் அச்சக்கரமே வழியாவது அதன் பலவீனம்.

இரண்டாவது வகை பெல்ட் முறை. தையல் இயந்திரத்தின் வாரைப் போல, ஒரு ரப்பர் வளையம் மோட்டாரையும் சுழல்தட்டையும் இணைக்க, அதன் நெகிழ்ச்சி அதிர்வை வடிகட்டிவிடுகிறது. 1961இல் அமெரிக்காவின் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்துக்காக எட்கர் வில்ச்சர் வடிவமைத்த டர்ன்டேபிளில், சுழல்தட்டும் டோன் ஆர்மும் ஒரே துணைச் சட்டத்தில் பொருத்தப்பட்டு, அச்சட்டம் மூன்று சுருள்வில்களில் தொங்கியது. தரை அதிர்ந்தாலும் இரண்டும் சேர்ந்தே அசைவதால் ஊசியும் பள்ளமும் தம்முள் விலகுவதில்லை. தோரன்ஸின் டி.டி. 150, டி.டி. 160 ஆகியவையும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலிருந்து 1970களின் தொடக்கத்தில் வந்த லின் சோன்டெக் எல்.பி. 12 என்ற இயந்திரமும் இந்தக் கருத்தின் வழித்தோன்றல்களே.

மூன்றாவது வகை நேரடி இயக்கம். மோட்டாரின் சுழலும் பகுதியே சுழல்தட்டின் அச்சாக அமைந்து, இடையில் சக்கரமோ பெல்ட்டோ இல்லாமல் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுகளிலேயே இயங்குவது இது. ஜப்பானின் மாட்சுஷிதா நிறுவனம் டெக்னிக்ஸ் என்ற பெயரில் 1970இல் வெளியிட்ட எஸ்.பி. 10 இதன் முன்னோடி. 1972இல் வந்த எஸ்.எல். 1200, குவார்ட்ஸ் படிகத்தால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இரண்டாம் வடிவமாக 1970களின் இறுதியில் மேம்பட்டது. இவ்விரண்டாம் வடிவத்துக்கு நிறுவனம் அறிவித்த வாவ், ஃப்ளட்டர் அளவு 0.025 விழுக்காடு மட்டுமே. முந்தைய தலைமுறை இட்லர் இயந்திரங்கள் எட்ட முடியாத துல்லியம் அது.

4. தீர்ப்புகள் மாறிய வரலாறு

எண்களை மட்டும் கொண்டு பார்த்தால் இந்த வரலாறு இட்லரிலிருந்து பெல்ட்டுக்கும், பெல்ட்டிலிருந்து நேரடி இயக்கத்துக்கும் செல்லும் நேர்கோட்டு வளர்ச்சியாகத் தோன்றும். ஆர்வலர்களின் மதிப்பீடோ அவ்வாறு செல்லவில்லை. லின் நிறுவனத்தை நிறுவிய ஐவர் டீஃபென்பிரன், டர்ன்டேபிள் இழந்த தகவலை அதற்குப் பின்னால் வரும் ஆம்ப்ளிஃபையராலோ ஒலிபெருக்கியாலோ மீட்க முடியாது என்றும், ஆகவே ஒலிச் சங்கிலியின் முதல் கண்ணிக்கே முதன்மை தரப்பட வேண்டும் என்றும் வாதிட்டார். இந்தக் கருத்து பிரிட்டிஷ் ஒலி இதழ்களில் 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் பெரும் செல்வாக்குப் பெற்றது. அதனுடன் சேர்ந்து, சுருள்வில்லில் தொங்கும் பெல்ட் இயந்திரமே உயர்ந்தது என்ற நிலைப்பாடும் வேரூன்றியது. இட்லர் இயந்திரங்கள் உறுமுபவை என்றும், நேரடி இயக்க இயந்திரங்கள் வேகத்தை இடைவிடாது திருத்திக்கொண்டே இருப்பதால் இசையின் ஓட்டத்தைக் கெடுப்பவை என்றும் ஒதுக்கப்பட்டன.

அதே காலத்தில் ஜப்பானிய ஆர்வலர்கள் வேறு பாதையில் சென்றனர். 1966இல் தொடங்கப்பட்ட ஸ்டீரியோ சவுண்ட் போன்ற இதழ்களும், ஜாஸ் இசைத்தட்டுகளை அமைதியாக அமர்ந்து கேட்பதற்கென்றே நடத்தப்படும் ஜாஸ் கிஸ்ஸா என்ற காப்பிக் கடைகளும் வளர்த்த அந்தச் சூழலில், கேரார்டு, தோரன்ஸ், இ.எம்.டி. இயந்திரங்கள் கனத்த மரப்பெட்டிகளில் பொருத்தப்பட்டு, டென்மார்க்கின் ஓர்ட்டோஃபோன் எஸ்.பி.யு., ஜப்பானின் டெனான் டி.எல். 103 போன்ற கார்ட்ரிட்ஜ்களுடன் போற்றப்பட்டன. பின்னர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இட்லர் இயந்திரங்களை மறுபடி ஆராய்ந்தவர்கள், உறுமலுக்குக் காரணமாகக் கருதப்பட்ட குறைகளில் பெரும் பகுதி மெல்லிய அடிப்பெட்டியாலும் இறுகிப்போன ரப்பராலும் வறண்ட பேரிங்காலும் வந்தவை என்று கண்டறிந்தனர். நேரடி இயக்கத்தை மறதியிலிருந்து காத்தவர்கள் நியூயார்க்கின் ஹிப்-ஹாப் கலைஞர்கள். தட்டைக் கையால் நிறுத்தவும் முன்பின் நகர்த்தவும் உடனே வேகம் பிடிக்க வைக்கவும் எஸ்.எல். 1200 ஈடுகொடுத்ததால் அது ஓர் இசைக்கருவியாகவே மாறியது. 2010இல் நிறுத்தப்பட்ட அதன் உற்பத்தி 2016இல் மீண்டும் தொடங்கியது.

இந்த வரலாறு ஆய்வாளருக்குத் தரும் பாடம் தெளிவானது. ஒதுக்கப்பட்ட காலத்திலும் போற்றப்பட்ட காலத்திலும் கேரார்டு 301 அதே இயந்திரம்தான். மாறியவை அது வைக்கப்பட்ட பெட்டியும் அதற்குத் தரப்பட்ட பராமரிப்பும் அதைப் பற்றிப் பேசியவர்களின் கருத்துச் சட்டகமும்தான். ஆகவே எந்தவொரு காலத்தின் தீர்ப்பையும் இயந்திரத்தின் நிலையான இயல்பாகக் கொள்வது பிழையாகும்.

5. ஒலி மேன்மை என்ற வாதம்

பழைய டர்ன்டேபிளின் ஒலி உண்மையிலேயே மேலானதா என்ற கேள்விக்கு முன்பாக, இசைத்தட்டு என்ற ஊடகத்தின் திறனை வரையறுப்பது தேவை. 16 பிட் குறுந்தட்டின் இயங்கு வீச்சு, அதாவது மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையிலுள்ள வேறுபாடு, ஏறத்தாழ 96 டெசிபெல். நல்ல இசைத்தட்டில் அது 60 முதல் 70 டெசிபெல் அளவிலேயே நிற்கிறது. மேலும், எல்.பி. தட்டின் வெளிவிளிம்பில் பள்ளம் ஊசியை நொடிக்கு ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் வேகத்தில் கடக்க, உள்விளிம்பில் அது 21 சென்டிமீட்டராகக் குறைகிறது. அதே அலைவெண் அங்கே பாதியினும் குறைந்த நீளத்தில் நெருக்கி எழுதப்படுவதால், பக்கத்தின் இறுதியில் வரும் பாடல்களில் உருத்திரிபு கூடுகிறது. அளவீட்டு நோக்கில் குறுந்தட்டு மேலானது என்பதில் ஐயமில்லை.

எனினும் ஒரே இசைத்தொகுப்பின் தட்டும் குறுந்தட்டும் வேறுவேறாக ஒலிப்பதைக் கேட்டவர்கள் பொய் சொல்வதில்லை. இரண்டும் பெரும்பாலும் ஒரே மூலப் பிரதியிலிருந்து ஒரே வகையில் தயாரிக்கப்படுவதில்லை என்பதே அதற்கு முக்கிய விளக்கம். 1990களிலிருந்து குறுந்தட்டுகளில் எல்லாப் பகுதிகளையும் உரத்து ஒலிக்கச் செய்யும் போட்டி வலுத்தது. மெட்டாலிகா குழுவின் 2008ஆம் ஆண்டுத் தொகுப்பு அவ்வாறு நெரிக்கப்பட்டதாகப் பரவலான கண்டனத்துக்கு உள்ளானது. குறைந்த இயங்கு வீச்சுடைய ஊடகம் அதிக ஏற்ற இறக்கத்துடனும், அதிக வீச்சுடைய ஊடகம் குறைந்த ஏற்ற இறக்கத்துடனும் விற்கப்படும் நிலை இதனால் உருவாயிற்று. அத்தகைய குறுந்தட்டைவிட அதன் இசைத்தட்டு இனிமையாக இருந்தால், அந்தப் பெருமை தயாரிப்பாளரின் நிதானத்தைச் சேருமே தவிர வினைலைச் சேராது.

அனலாக் ஒலியின் தூய்மை பற்றிய நம்பிக்கையை 2022இல் வெளிவந்த ஒரு செய்தி கடுமையாகச் சோதித்தது. உயர்விலைத் தட்டுகளுக்குப் பெயர்பெற்ற அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம், பல தட்டுகளின் தயாரிப்பில் டிஜிட்டல் பிரதியை ஓர் இடைக்கட்டமாகப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வந்தது அப்போது தெரியவந்தது. அத்தட்டுகளை அனலாக் ஒலியின் உச்சமெனப் பாராட்டியவர்கள் பலர். அவர்கள் கேட்ட இனிமை உண்மையானது. அதற்கு அவர்கள் சொன்ன காரணமே தவறானது. உயர்தர டிஜிட்டல் ஒலியின் இடையே குறுந்தட்டுத் தரத்திலான ஒரு மாற்றத்தைப் புகுத்தினால் கேட்பவர்கள் கண்டுபிடிக்கிறார்களா என்று மேயரும் மோரனும் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், இயல்பான ஒலியளவில் கேட்டவர்களால் அதைக் கண்டறிய முடியவில்லை என்பதும் இங்கே சேர்த்து எண்ணத்தக்கது.

ஒலி ஆர்வலர்களிடையே யாருடைய சொல்லுக்கு அதிகாரம் என்பது பற்றி 2004இல் எழுதிய இசை ஆய்வாளர் மார்க் பெர்ல்மன், தம் செவியையே இறுதிச் சான்றாகக் கொள்வோர், கருவிகளின் அளவீட்டையே சான்றாகக் கொள்வோர் என்ற இரு முகாம்களின் மோதலை விரிவாக ஆராய்ந்தார். பழைய டர்ன்டேபிள் விஷயத்தில் இரு முகாம்களும் ஒன்றுபடத்தக்க இடம் உண்டு. ஊசியும் கையும் சேர்ந்த அமைப்பு இயற்கையாகவே ஒரு தாழ்ந்த அலைவெண்ணில் அதிர்கிறது. அது 8 முதல் 12 ஹெர்ட்ஸ் வரை அமைந்தால், தட்டின் வளைவுகளால் வரும் அசைவுக்கு மேலாகவும் இசையின் எல்லைக்குக் கீழாகவும் நின்றுவிடும். விறைப்பான தாங்கல் உடைய எஸ்.பி.யு., டி.எல். 103 போன்றவற்றுக்குக் கனத்த கையும், நெகிழ்வான தாங்கல் உடைய ஷூர் வி 15 போன்றவற்றுக்கு இலேசான கையும் வேண்டும். பொருந்தாத இணையில் விலையுயர்ந்த இயந்திரமும் தெளிவிழக்கும். பொருத்தமான இணையில் எளிய இயந்திரமும் பாடும். இந்த வேறுபாடு அளவிடத்தக்கது, செவிக்கும் எட்டுவது. பழைய இயந்திரத்தைப் பொறுமையாகச் சீரமைத்தவர் கேட்கும் முன்னேற்றத்தில் பெரும் பங்கு இத்தகைய பொருத்தத்திலிருந்தே வருகிறது.

6. பழுதுபார்க்கத்தக்க இயந்திரம்

ஒலி வாதம் வரையறைக்கு உட்பட்டது என்றால், கட்டுமானம் பற்றிய வாதம் அதைவிட உறுதியானது. கேரார்டு 301 பெரும்பாலும் கை இல்லாமலும் அடிப்பெட்டி இல்லாமலும் மோட்டார் அலகாகவே விற்கப்பட்டது. எந்தக் கையைப் பொருத்துவது, எந்த மரத்தில் பெட்டி செய்வது என்ற முடிவுகள் வாங்கியவருக்கே விடப்பட்டன. 1959இல் எஸ்.எம்.இ. நிறுவனம் வெளியிட்ட 3009 போன்ற தனிக் கைகளும், எந்தக் கையிலும் பொருந்தும் வகையில் பரவிய அரை அங்குலத் திருகு இடைவெளி கொண்ட கார்ட்ரிட்ஜ்களும் இந்தத் திறந்த அமைப்பை நிறைவு செய்தன. எழுபது ஆண்டுகளுக்கு முன் வந்த இயந்திரத்தில் நேற்று வந்த கார்ட்ரிட்ஜை இன்று பொருத்த முடிகிறது. மின்னணுப் பொருள்களின் உலகில் இதற்கு இணையான தொடர்ச்சி அரிது.

சீரமைப்பு வேலையின் விவரங்களே இந்தத் திறந்த தன்மையைத் தெளிவாகக் காட்டும். பேரிங்கைக் கழற்றிப் பழைய கிரீஸைத் துடைத்துப் புதிய எண்ணெய் இடுவது முதல் படி. இட்லர் சக்கரத்தை அழுந்திய நிலையிலேயே பல ஆண்டுகள் விட்டுவைத்திருந்தால் அதன் ரப்பரில் ஒரு தட்டைத் தழும்பு விழுந்து, ஒவ்வொரு சுற்றிலும் மெல்லிய தட்டொலி எழும். அச்சக்கரத்துக்குப் புதிய ரப்பர் ஏற்ற வேண்டும். டி.டி. 124இன் சட்டத்தைத் தாங்கும் காளான் வடிவ ரப்பர்கள் காலத்தால் தளர்ந்திருக்கும். அதன் முதல் வடிவத்தில் கனத்த வார்ப்பிரும்புச் சுழல்தட்டு இருந்ததால், வலிய காந்தமுள்ள கார்ட்ரிட்ஜ்களை இரும்பு ஈர்த்து ஊசியின் அழுத்தத்தைக் கூட்டிவிடும். அத்தகைய கார்ட்ரிட்ஜைப் பயன்படுத்த விரும்புவோர் காந்தம் ஈர்க்காத உலோகத்தாலான தட்டைத் தேட வேண்டும். நேரடி இயக்க இயந்திரங்களில் உலர்ந்துபோன மின்தேக்கிகளை மாற்ற வேண்டியிருக்கும். அங்கே சிறப்பு மின்சில்லு பழுதானால் மாற்றுக் கிடைப்பது கடினம் என்பது அவ்வகையின் உண்மையான குறை.

மின் வழங்கலின் அலைவெண்ணும் கவனிக்கத்தக்கது. பழைய இட்லர், பெல்ட் இயந்திரங்கள் பலவற்றில் மோட்டாரின் வேகம் அந்த அலைவெண்ணைச் சார்ந்ததாகையால், 50 ஹெர்ட்ஸ் நாட்டுக்கும் 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்கும் மோட்டார்த் தண்டில் பொருத்தும் தனித்தனிக் கப்பிகள் செய்யப்பட்டன. அமெரிக்காவுக்கென்று செய்த இயந்திரத்தை அப்படியே இந்தியாவில் சுழலவிட்டால் 33⅓ சுற்று 27.8 சுற்றாகக் குறைந்து, சுருதி மூன்று அரைச்சுரங்களுக்கு மேல் இறங்கிவிடும். கிழக்கில் 50, மேற்கில் 60 என இரு அலைவெண்கள் கொண்ட ஜப்பானில் வீடு மாறுவோரும் கப்பியை மாற்ற வேண்டியிருந்தது. இக்குறை சிறு உலோகத் துண்டு ஒன்றால் தீர்வதும், அத்துண்டை எந்த நல்ல கடைசல் பட்டறையிலும் செய்துகொள்ள முடிவதும் இவ்வியந்திரங்களின் இயல்பைப் புலப்படுத்துகின்றன. அவற்றில் ஒவ்வொரு பாகத்தின் வேலையும் கண்ணுக்குத் தெரியும், தெரிவதால் புரியும், புரிவதால் சரிசெய்யலாம்.

இவ்வாறு நீடித்தவை பழைய இயந்திரங்கள் மட்டுமல்ல. லின் எல்.பி. 12 ஐம்பது ஆண்டுகளைக் கடந்தும் உற்பத்தியில் உள்ளது. அதன் பேரிங், மின் வழங்கல், துணைச் சட்டம் ஆகியவற்றின் பிந்தைய மேம்பாடுகளைப் பழைய இயந்திரங்களிலும் பொருத்த முடிகிறது. 2018இல் கேரார்டு என்ற பெயரின் உரிமை எஸ்.எம்.இ. நிறுவனத்தின் உரிமையாளர்களுக்குச் சென்ற பிறகு, பழைய 301களையே முழுமையாகப் புதுப்பித்து விற்கும் முயற்சி தொடங்கியது. புதிதாக ஒன்றை வார்ப்பதைவிடப் பழையதைப் புதுப்பிப்பது மதிப்புடையது என்று ஓர் உற்பத்தியாளரே ஏற்றதற்கு இது சான்று.

7. நினைவும் சந்தையும்

மூன்றாவது காரணமாகிய நினைவேக்கத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. இசைத்தட்டைப் பற்றி 2015இல் நூல் எழுதிய பார்ட்மான்ஸ்கி, உட்வார்டு ஆகிய சமூகவியலாளர்கள், தட்டை உறையிலிருந்து எடுப்பதும் தூசு துடைப்பதும் ஊசியை இறக்குவதும் சேர்ந்த சடங்கு கேட்டலின் பகுதியாகவே அமைவதை எடுத்துக்காட்டினர். நினைவேக்கத்தை ஆராய்ந்த ஸ்வெட்லானா போய்ம், இழந்த காலத்தை அப்படியே மீட்டெடுக்க முயலும் வகை, கடந்துபோனதை ஏற்றுக்கொண்டு அதன்மீது சிந்திக்கும் வகை என இரண்டைப் பிரித்தார். பழைய டர்ன்டேபிள் ஆர்வத்தில் இரண்டும் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வந்த வண்ணமும் திருகும் எழுத்துப் பலகையும் மாறக் கூடாது என்போர் முதல் வகையினர். பழைய மோட்டாருக்குப் புதிய மின் வழங்கலும் புதிய அடிப்பெட்டியும் சேர்த்து அதன் திறனை வளர்ப்போர் இரண்டாம் வகையினர். ஆனால் தாம் பிறப்பதற்கு முன் செய்யப்பட்ட இயந்திரங்களை இளைஞர்களும் தேடுகிறார்கள் என்பதால், நினைவேக்கம் மட்டும் போதிய விளக்கமாகாது.

தமிழ்ச் சூழலிலும் இந்த ஆர்வத்துக்கு உண்மையான தேவை ஒன்று உண்டு. கர்நாடக இசைக் கச்சேரித் தட்டுகளும் 1970கள், 1980களின் திரைப்பாடல் தட்டுகளும் சேகரிப்போரிடம் மதிப்புப் பெற்றுள்ளன. இத்தட்டுகளில் பல, ஊசியைப் பல கிராம் எடையோடு அழுத்தும் செராமிக் கார்ட்ரிட்ஜ் பொருத்திய வீட்டு ரெக்கார்டு பிளேயர்களில் தேய்ந்தவை. வேறு வடிவ முனை கொண்ட ஊசி, பள்ளச் சுவரில் தேயாத பகுதியைத் தொட்டு, இழந்ததாகக் கருதப்பட்ட தெளிவை ஓரளவு மீட்டுத் தரக்கூடும். கையையும் கார்ட்ரிட்ஜையும் விருப்பப்படி மாற்ற இடம் தரும் டர்ன்டேபிள் இத்தகைய தட்டுகளைக் காப்போருக்கு ஆடம்பரமன்று; அது ஆவணக் காப்புக்கான கருவி.

சந்தையின் போக்கு இந்த மதிப்புக்கு ஊறு செய்வதும் உண்டு. புகழ்பெற்ற சில மாதிரிகளின் விலை, அவற்றைப் பயன்படுத்த விரும்புவோரின் எட்டுகைக்கு அப்பால் சென்றுவிட்டது. முதலீடாக வாங்கப்பட்டுச் சுழலாமல் பூட்டிக் கிடக்கும் இயந்திரத்தில் ரப்பர் இறுகி எண்ணெய் உறைகிறது. புகழ் சில பெயர்களையே சுற்றி வருவதால், திறனில் குறையாத லென்கோ, டூயல் போன்ற நிறுவனங்களின் எளிய இயந்திரங்கள் கவனிப்பாரின்றி உதிரிபாகங்களுக்காக உடைக்கப்படுவதும் நிகழ்கிறது.

8. முடிவுரை

பழைய டர்ன்டேபிள்கள்மீதான பற்றுக்குக் கூறப்படும் காரணங்களை எடைபோட்டால், ஒலி மேன்மை என்ற வாதம் ஓரளவே நிற்கிறது. நன்கு சீரமைத்த பழைய இயந்திரம் இன்றைய நல்ல இயந்திரங்களுக்கு நிகராக ஒலிக்கக்கூடும். ஆனால் இசைத்தட்டின் எல்லைகளைத் தாண்டி எந்த இயந்திரமும் ஒலிக்காது, இனிமைக்குக் காரணம் பெரும்பாலும் தயாரிப்பிலும் பொருத்தத்திலும் இருக்கிறது. நினைவேக்கம் உண்மையானது என்றாலும் தலைமுறைகளைத் தாண்டிய ஆர்வத்தை அதனால் விளக்க முடியாது. எஞ்சி நிற்பது, வாங்கியவரையும் அவருக்குப் பின் வருபவரையும் தொடர்ந்து பங்கேற்கச் செய்யும் அந்தப் பொறியியல் மனப்பான்மை.

இந்த முடிவிலிருந்து சில கடமைகள் பிறக்கின்றன. பழைய இயந்திரங்களின் சேவைக் கையேடுகளைத் தொகுத்துப் பொதுவில் வைப்பதும், ரப்பர்ச் சக்கரங்களையும் கப்பிகளையும் செய்யத் தெரிந்த பட்டறைக் கைவினைஞர்களின் அறிவை அடுத்த தலைமுறைக்குக் கற்பிப்பதும், அளவீட்டுக் கருவிகளைச் செவிக்குத் துணையாகக் கொள்வதும், புகழ் பெறாத மாதிரிகளையும் உடைக்காமல் காப்பதும் அவற்றுள் முதன்மையானவை. மேன்மை பற்றிய மிகைக் கூற்றுகள் இந்தப் பற்றுக்குத் தேவையில்லை. ஒரு பொருளைத் திறந்து பார்க்கவும் புரிந்துகொள்ளவும் சரிசெய்யவும் அதன் உரிமையாளருக்கு இடம் உண்டு என்பதே இதன் நியாயம். இன்று செய்யப்படும் பொருள்களிடமும் அந்த இடத்தைக் கேட்பதற்குப் பழைய டர்ன்டேபிள்கள் வலுவான முன்னுதாரணமாக நிற்கின்றன.